வீடு எது, தொழிலிடம் எது என்று யார் சொல்வது?



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நடக்கும் இந்தப் பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். இலக்கிய அரங்கில் வந்து நிலப்பயன்பாட்டு மண்டலம், மின்கட்டண வகை, தொழில் உரிமம் என்று பேசுகிறார்களே என்று நினைத்திருப்பீர்கள். பண்டிதர் இதைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். அவர் சித்த மருத்துவர். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி நடத்தியவர். ஒரு கையில் வைத்தியம், மறு கையில் அச்சு. இன்றைய விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால், அவர் நாடி பார்க்க உட்கார்ந்த அறைக்கு ஒரு சட்டம், எழுத்துக் கோத்த அறைக்கு வேறொரு சட்டம். முதல் அறை குடியிருப்புக்குள் இயல்பாக அடங்கிவிடும். இரண்டாவதற்கு உரிமம் கேட்பார்கள், மோட்டாரின் குதிரைத்திறன் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் நிலத்தை இன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று வரையறுப்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் கீழ் மாஸ்டர் பிளான்கள் வருகின்றன. குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், விவசாயம் என்று வரைபடத்தில் நிறம் பூசுகிறார்கள். சென்னைப் பெருநகரத்துக்கு இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008இல் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2019இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. குடியிருப்பு மண்டலத்தில் வீடு கட்டலாம், அது தெரிந்ததே. வீட்டோடு சேர்ந்து என்ன செய்யலாம் என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. சென்னையின் வளர்ச்சி விதிகளில் அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே வருவது, அங்கே குடியிருப்பவரின் தொழில்முறை ஆலோசனை அறை. டாக்டர், வக்கீல், ஆடிட்டர், இன்ஜினியர். அதற்குப் பிறகு அன்றாடத் தேவைக்கான பெட்டிக்கடைகள்: மளிகை, குளிர்பானம், சிகரெட், செய்தித்தாள், தேநீர், ஆட்டிறைச்சி, பால், சைக்கிள் பழுது, தையல்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஓர் இடத்தில் நின்றோம். ஆட்டிறைச்சிக் கடை பெயர் சொல்லி இடம் பெற்றிருக்கிறது. மாட்டிறைச்சியின் பெயர் இல்லை. சட்டம் மாட்டிறைச்சியைத் தடுத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படி யாரும் வாதிட வேண்டாம். ஆனால் பட்டியல் எழுதியவர் தன் தெருவை நினைத்து எழுதினார் என்பது தெரிகிறது. தன் தெருவில் இருந்ததை இயல்பு என்று எழுதினார். நம் தெருவில் இருந்தது அவர் பேனாவுக்கு எட்டவில்லை. எட்டாதது எல்லாம் பிறகு அதிகாரியின் விருப்பத்துக்குப் போய்விடும்.

இனி மின்சாரம். மண்டலம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. மீட்டர் பெட்டி எல்லோருக்கும் தெரியும். நடைமுறையில் வீட்டுத் தொழிலைக் கட்டுப்படுத்துவது மாஸ்டர் பிளானைவிட மின்கட்டணப் பட்டியல்தான். தாழ்வழுத்த இணைப்பில் ஒன்று-ஏ என்பது வீடு. ஐந்து என்பது வணிகம். ஐந்தாம் வகையின் விளக்கம் வேடிக்கையானது. மற்ற எந்த வகையிலும் சேராதவை எல்லாம் ஐந்து. பெயர் இல்லாதவர்கள் கடைசியில் போய் நிற்கும் வரிசை அது. வணிகக் கட்டணம்தான் அங்கே.

வீட்டு வகைக்குள் யார் யார் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கைத்தறி நெசவாளர் வீட்டில் தறி இருந்தால் அது வீடு. வெளியாள் வைத்து நெய்தாலும் வீடு. இது நல்ல விதி. நெசவாளர் சங்கங்கள் பல ஆண்டுகள் நின்று வாங்கியது. அடுத்து, தொழில்முறை வல்லுநர் தன் வீட்டோடு ஒட்டி வைத்திருக்கும் ஆலோசனை அறை, 200 சதுர அடி வரை, வீட்டுக் கட்டணமே. 200 சதுர அடி என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூவம் கரையிலிருந்தும் நகரின் மற்ற குடிசைப் பகுதிகளிலிருந்தும் நம் மக்களை ஏற்றிக்கொண்டுபோய்க் கண்ணகி நகரில் இறக்கிய காலத்தில், அங்கே தொடக்கத்தில் கட்டிய வீடு ஒன்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 195 சதுர அடி. ஐந்து பேர் தூங்கி, சமைத்து, பிள்ளை படித்து, கிழவி நோயில் படுக்கும் இடம் அவ்வளவுதான். டாக்டர் வீட்டில் நோயாளி காத்திருக்கும் அறைக்குக் கொடுத்த சலுகை அளவு, நம் ஒரு குடும்பத்தின் முழு வீட்டைவிடப் பெரிது.

டாக்டர் மீது நமக்குக் கோபம் இல்லை. நம் பிள்ளைகளும் டாக்டராகி வீட்டில் அறை போட்டு உட்கார வேண்டும் என்றுதான் ஆசை. கேள்வி வேறு. அதே 200 சதுர அடிக்குள் ஒரு பெண் தையல் மிஷின் போட்டால், இட்லி மாவு அரைத்து விற்றால், பூ கட்டினால், பறைக்குத் தோல் இழுத்துக் கட்டினால், அது ஏன் வீடாக இருக்க முடியாமல் போகிறது?

நீதிமன்றங்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. டாக்டரின் மருந்தகம் கடை நிறுவனச் சட்டத்தின் கீழ் 'வணிக நிறுவனம்' ஆகுமா என்ற கேள்வி 1960களின் இறுதியில் குஜராத்திலிருந்து உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. ஆகாது என்றார்கள். ஒருவர் தன் சொந்தத் திறமையையும் அறிவையும் கொண்டு செய்வது தொழில்முறைப் பணி. அது வணிகம் இல்லை என்பது காரணம். 1984இல் கேரளத்து வழக்கில் வக்கீலின் அலுவலகத்துக்கும் அதே முடிவு கிடைத்தது. தீர்ப்பு சரியா தவறா என்பதில் இப்போது இறங்க வேண்டாம். அந்தக் காரணத்தை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம்: சொந்தத் திறமை, சொந்த அறிவு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஊசி எந்தத் துளைக்குள் போக வேண்டும், நூலை எவ்வளவு இறுக்கினால் தோல் சுருங்காது என்பது அறிவு இல்லையா? பூமணியின் 'பிறகு' நாவல் 1979இல் வந்தது. செருப்புத் தைக்கும் மனிதனின் வாழ்க்கையை அருகில் இருந்து எழுதிய நாவல். அதைப் படித்த யாரும் அந்தக் கைக்குள் அறிவு இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதியதை மாணவர்கள் அறிவார்கள்: சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கி வைப்பது. நம் மண்டல விதிகளை எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதினார்கள் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. அவர்கள் மூளை வேலை சுத்தமானது, அது வீட்டுக்குள் இருக்கலாம் என்றார்கள். கை வேலை சத்தம், வாடை, கூட்டம். அது வெளியே போகட்டும் என்றார்கள். இந்த நாட்டில் அந்தக் கோட்டை எங்கே இழுத்தாலும் அது ஏற்கெனவே இருக்கிற ஒரு கோட்டின் மேலேதான் போய் விழும்.

மூன்றாவது வாசல் உள்ளாட்சி உரிமம். பழைய ஆட்களிடம் கேட்டால் 'டி அண்ட் ஓ லைசென்ஸ்' என்பார்கள். அபாயகரமான, அருவருப்பான தொழில்கள் என்று அதற்குப் பொருள். 1919ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டத்திலும் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும் இதற்கென்று நீண்ட அட்டவணை இருந்தது. உரிமம் இல்லாமல் ஓர் இடத்தில் செய்யக் கூடாதவை. வெடிமருந்து அதில் இருந்தது, நியாயம்தான். கூடவே தோல், எலும்பு, இரத்தம், கொழுப்பு, கந்தல் துணி என்று அடுக்கியிருந்தார்கள். அகர வரிசையில் அச்சிட்ட அந்த அட்டவணையைக் கீழே வரை படித்துக்கொண்டு போனால் நம் தெருக்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. 2023 ஏப்ரலில் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது, பழைய சட்டங்கள் விலகின. அட்டவணைகள் மாறலாம். 'அருவருப்பு' என்ற சொல் அலுவலக மேசைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அருவருப்பு யாருடைய மூக்குக்கு என்று எந்த விதியும் சொன்னதில்லை.

இதை நாம் மிகைப்படுத்துகிறோம் என்று தோன்றினால், கொஞ்சம் தூரம் போய் ஒரு வழக்கைப் பார்த்துவிட்டு வருவோம். மண்டல விதி என்ற கருவி பிறந்து வளர்ந்த நாடுகளில் அமெரிக்கா முக்கியமானது. அங்கே அது எப்படித் தொடங்கியது? சலவைக் கடையில் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் அப்போது சுமார் 320 சலவைக் கடைகள். ஏறத்தாழ 310 மரக் கட்டடத்தில் இருந்தவை. மரக் கட்டடத்தில் சலவை நடத்த நகர மேற்பார்வையாளர் குழுவின் அனுமதி வேண்டும் என்று விதி போட்டார்கள். காரணம் தீ விபத்து. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! விண்ணப்பித்த சீனர்கள் சுமார் 200 பேருக்கும் அனுமதி மறுப்பு. சீனர் அல்லாதவர்கள் சுமார் 80 பேர் அதே மரக் கட்டடத்தில் தொழிலைத் தொடர்ந்தார்கள். 1886இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னது: எழுத்தில் பாகுபாடு இல்லாத சட்டமும், கண்ணால் பார்த்து ஆள் பிரித்து நடைமுறைப்படுத்தப்பட்டால், சம உரிமையை மறுப்பதே. யிக் வோ வழக்கு என்று சட்ட மாணவர்கள் படித்திருப்பீர்கள்.

பிறகு 1917இல், கறுப்பர் இந்தத் தெருவில் வீடு வாங்கக் கூடாது என்று லூயிவில் நகரம் போட்ட விதியை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. உடனே நிற வேற்றுமை ஒழிந்துவிடவில்லை. மனை அளவு, வீட்டு வகை, பயன்பாடு என்ற பொதுச் சொற்களுக்குள் அது இடம் மாறிக்கொண்டது. ஆள் பெயரைச் சொல்லாமல் தொழிலின் பெயரைச் சொல்வது, தொழிலின் பெயரையும் சொல்லாமல் சதுர அடியைச் சொல்வது. இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா?

நம் ஊரில் மாஸ்டர் பிளான் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே மண்டலம் இருந்தது. ஊர் ஒரு மண்டலம், சேரி ஒரு மண்டலம். நடுவில் ஓடையோ வயலோ ஒரு வேலியோ. சேரியில் வீடும் தொழிலும் பிரிந்து இருந்ததில்லை. தோல் வாசலில் காய்ந்தது, மூங்கில் வாசலில் பிளக்கப்பட்டது, பறை வாசலில் தீயில் காய்ச்சப்பட்டது. புதிரை வண்ணார் வீட்டு முற்றமே சலவைத்துறை. ஊருக்கு அந்த வேலை வேண்டும், அந்த வேலையின் வாடை வேண்டாம். அதனால் வேலையையும் ஆளையும் சேர்த்து ஒரே இடத்தில் ஒதுக்கினார்கள். இப்போது அதே வேலையில் பணம் வரத் தொடங்கும்போது, இது குடியிருப்புப் பகுதி, இங்கே தொழில் கூடாது என்கிறார்கள்.

காலனிகளின் கதையும் அதுதான். ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் கையகப்படுத்த 1978இல் தனிச் சட்டமே வந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் மனை பெற்றன; அதன் பயனை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் பழைய காலனி ஒன்றில் நடந்து பாருங்கள். வரிசை வரிசையாக மனை. நடுவில் தெரு. ஒரு பட்டறைக்கு, ஒரு கொட்டகைக்கு, நாலு கடைக்கு ஒதுக்கிய பொது இடம் அநேகமாக இருக்காது. தலித் தூங்குவதற்கு இடம் கொடுத்தால் போதும், வேலைக்கு ஊருக்குள்ளோ வயலுக்கோ வந்துவிடுவான் என்ற கணக்கு அந்த வரைபடத்தில் இருக்கிறது. நம் ஆள் கூலிக்காரன் இல்லாமல் வேறு எதாகவும் ஆகலாம் என்பது வரைந்தவரின் எண்ணத்தில் வரவில்லை.

மறுகுடியமர்வு இதை இன்னும் கடுமையாக்கியது. சென்னையின் தென் விளிம்பில் 2000இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் காலை ஐந்து மணிக்குப் பேருந்துக்கு நின்றார்கள். பலர் அந்த வேலையை விட்டார்கள். விட்டவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டில் உட்கார்ந்து எதையாவது செய்து விற்பார்கள். தரைத்தளத்தில் இருப்பவருக்கு ஜன்னலே கடை. ஐந்தாவது மாடியில் இருப்பவருக்கு அதுவும் இல்லை; மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்க வேண்டும். தரைத்தள வீட்டுக்கு ஏன் இவ்வளவு போட்டி என்று வெளியார் கேட்பதுண்டு. வயதானவர்களுக்கு மாடி ஏற முடியாது என்பது பாதிப் பதில். மீதிப் பதில் அந்த ஜன்னல்.

1985ஆம் ஆண்டின் ஒல்கா டெல்லிஸ் தீர்ப்பை இங்கே நினைவுபடுத்த வேண்டும். பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு. மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து பிழைக்கப் போன நிலமற்ற தொழிலாளி; அதனால் அது நம் வழக்கும்கூட. வேலை கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஏழை தலை சாய்க்கிறான், அங்கிருந்து அகற்றினால் பிழைப்பு போய்விடும், பிழைப்பு போனால் உயிர் வாழும் உரிமை என்ன ஆகும் என்று கேட்டது அந்த நீதிமன்றம். அகற்றுவதைக் கடைசியில் அது தடுத்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் வீடும் பிழைப்பும் ஒன்றோடொன்று கட்டிக் கிடக்கின்றன என்று அரசியல் சட்டத்தின் மொழியில் எழுதி வைத்துவிட்டது.

இதே தலைப்பில் டெல்லியில் நடந்ததும் நமக்குத் தெரிய வேண்டும். 2006 பிப்ரவரியில், குடியிருப்புப் பகுதியில் நடக்கும் கடைகளுக்குச் சீல் வைக்க உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் சீலம்பூரில் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. வணிகர்கள் கடையடைத்தார்கள், கட்சிகள் இறங்கின, 2007இல் வந்த புதிய மாஸ்டர் பிளான் கலப்புப் பயன்பாட்டுத் தெருக்களை அனுமதித்தது. மண்டல விதி கல்லில் எழுதியது இல்லை. கூட்டமும் குரலும் இருப்பவனுக்கு அது வளைந்து கொடுக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டில் தொழில் செய்யும் உரிமை கேட்பது, வீட்டில் நடக்கும் எல்லா வேலையையும் புகழ்வது ஆகாது. திருநெல்வேலி, தென்காசி, வேலூர் மாவட்டங்களில் பீடி சுற்றும் பெண்களைக் கேளுங்கள். கம்பெனி ஏன் ஆலை கட்டவில்லை? நம் வீடே ஆலை. கூரை நம்முடையது, விளக்கு நம்முடையது, தூசி நம் பிள்ளையின் நெஞ்சில். 1966இல் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்து, வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்றது. முதலாளிகள் எதிர்த்து வழக்கு நடத்தினார்கள். 1974இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. அதே சட்டத்தின் 43ஆவது பிரிவு, வேறொருவரிடம் வேலைக்கு இல்லாமல் தன் குடும்பத்தோடு தன் வீட்டில் செய்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. தன் தொழில் எது, பிறருக்கான கூலி வேலை எது என்று பிரித்துப் பார்க்க அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. மண்டல விதிக்கும் மின்கட்டணப் பட்டியலுக்கும் அது தெரியவில்லை. வீட்டுவழி வேலை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

இன்னொன்று. எல்லா வேலையும் எல்லா இடத்திலும் நடக்கட்டும் என்று சொல்ல நாம் வரவில்லை. தோல் பதனிடும் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1996இல் உச்சநீதிமன்றம் அது பற்றித் தீர்ப்பே எழுதியது. அமிலமும் வெடிமருந்தும் வீட்டுக்குள் வரக் கூடாது. நம் குழந்தைகள்தான் முதலில் சாவார்கள். மண்டலத்துக்கு ஒரு நியாயமான வேலை உண்டு. ஆனால் கொடுங்கையூரில் குப்பையை மலையாகக் கொட்டும்போது, எண்ணூரில் சாம்பல் கழியில் கலக்கும்போது, அந்த மண்டல ஒழுங்கு எங்கே போய் நின்றது? பெரிய வாடை நம்மைத் தேடி வரும்போது அது வளர்ச்சி. நம் வீட்டுச் சிறிய வாடை வெளியே போனால் அது தொல்லை.

இனிக் காரியத்துக்கு வருவோம். இயக்கத் தோழர்களுக்கும் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கும் சில விவரங்கள் பயன்படும்.

வீட்டு இணைப்பில் கடை நடத்துவதாகச் சொல்லி மின் அதிகாரி வந்தால், அவர் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவு. அனுமதித்த காரியத்தைத் தவிர வேறு காரியத்துக்கு மின்சாரம் பயன்படுத்துவதும் அதில் அடங்கும். கட்டணம் இரண்டு மடங்கு. எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதங்களுக்கும் போடலாம். பத்து இட்லி விற்கும் வீட்டுக்கு இது ஒரு வருடச் சேமிப்பு. பெரும்பாலானவர்கள் பயந்து கட்டிவிடுகிறார்கள், அல்லது கட்டாமல் இருக்க வேறு விதமாகக் 'கவனிக்கிறார்கள்'. முதலில் வருவது தற்காலிக மதிப்பீடு மட்டுமே என்பதும், அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம் என்பதும், கேட்காமல் இறுதி உத்தரவு போட முடியாது என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இறுதி உத்தரவுக்குப் பிறகு 127ஆவது பிரிவில் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. ஆனால் பாதித் தொகையை முன்னதாகக் கட்ட வேண்டும். ஆகவே சண்டையை முதல் கட்டத்திலேயே போடுவது நல்லது. ஒவ்வொரு காலனியிலும் இந்த ஆட்சேபக் கடிதம் எழுதத் தெரிந்த இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

சாலையோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். அது நடைபாதைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வரையறைக்குள், தனியார் இடத்தில் தற்காலிக அமைப்பிலிருந்து விற்பவரும் வருகிறார். வாசலில் வண்டி போட்டு விற்கும் பெண்ணுக்கு விற்பனைச் சான்று கேட்கலாம். வாதிட இடம் இருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்காக 2008இல் வந்த சட்டம் 'வீட்டுவழித் தொழிலாளி' என்ற சொல்லுக்கு வரையறையே கொடுத்தது. சட்டத்துக்கு நம்மைத் தெரியும். வரைபடத்துக்குத்தான் தெரியாது.

அரசு 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தொடங்கியது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியம், 1.5 கோடி வரை. நல்ல திட்டம், நாம் வரவேற்கிறோம். ஆனால் வங்கி மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, தொழில் எங்கே நடக்கும் என்பது. காலனி வீட்டு முகவரியைச் சொன்னதும் அவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். நிபந்தனைப் பட்டாவை அடமானம் வைக்க முடியாது. வாடகைக்கு இடம் தேடினால் என்ன சாதி என்ற கேள்வி வரும். அண்ணலின் பெயரில் மானியம் இருக்கிறது, அதை ஊன்ற ஆறடி மண் இல்லை. தொழில் தரும் திட்டத்தை ஒரு துறையும், தொழில் செய்யும் இடத்தை வேறொரு துறையும் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பது இன்று நேற்று வந்ததில்லை.

ஆகவே கோரிக்கை என்ன? சென்னைப் பெருநகரத்துக்கு 2027 முதல் 2046 வரையிலான மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிறது. மற்ற நகரங்களுக்கும் திட்டங்கள் வருகின்றன. வரைவுத் திட்டம் வெளியானால் ஆட்சேபங்களையும் கருத்துகளையும் எழுத்தில் கொடுக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத காலம் சட்டத்திலேயே உண்டு. அந்த இரண்டு மாதத்தில் கட்டுமான நிறுவனங்களின் மனுக்கள் கட்டுக்கட்டாகப் போகும். காலனியிலிருந்து எத்தனை போகும்?

நாம் கேட்க வேண்டியது மிகப் பெரியதொன்றும் இல்லை. தொழில்முறை ஆலோசனை அறை என்று எழுதிய அதே வரியில், குடியிருப்பவர் தன் வீட்டில் தன் கையால் செய்யும் தொழிலும் எழுதப்பட வேண்டும். அதே 200 சதுர அடி, அதே வீட்டுக் கட்டணம். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் தரைத்தளத்தில் ஒரு பகுதி, மாடியில் குடியிருப்பவர்களுக்கு முறை வைத்துக் கொடுக்கும் பொதுக் கொட்டகையாக ஒதுக்கப்பட வேண்டும். தோல், மூங்கில், இசைக்கருவி, இறைச்சி என்று நம் தொழில்கள் பட்டியலில் பெயர் சொல்லி வர வேண்டும். மாட்டிறைச்சி என்ற சொல்லையும் அங்கே அச்சில் பார்க்க வேண்டும். எது ஆபத்து என்பதை மூக்கு முடிவு செய்யக் கூடாது. சத்தத்துக்கு டெசிபல், கழிவுக்கு லிட்டர், தீக்கு எரிபொருளின் அளவு என்று அளந்து எழுதட்டும். அளந்து எழுதினால் நாம் கட்டுப்படுவோம்.

மாணவர்களிடம் ஒரு வேலை. உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று கணக்கெடுங்கள். எத்தனை மிஷின், எந்த மின் இணைப்பு, யாருக்கு எப்போது அபராதம் வந்தது, அதில் ரசீது உள்ளது எவ்வளவு, இல்லாதது எவ்வளவு. இந்தக் கணக்கு எந்த அரசு அலுவலகத்திலும் கிடைக்காது. பெயர் எழுத வேண்டாம். கணக்கு யாரையாவது காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. கதை எழுதுகிறவர்கள் கணக்கெடுக்கப் போனால் கதையும் கிடைக்கும், அது வேறு.

ஆட்சேப மனுவின் மாதிரி ஒன்றை அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறோம். 126ஆவது பிரிவுக்கான பதில் கடிதமும் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று போதாது. உங்கள் தெருவில் எத்தனை மீட்டர் பெட்டி இருக்கிறதோ அத்தனை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.